எட்டரைத் தௌ: 6 பி.பி.சி. தோட்டா உறைகளின் கழுத்தைக் கடைந்த அனுபவம்

என் துப்பாக்கிக் குழலின் அடியில், தோட்டா போய் உட்காரும் சேம்பர் என்னும் அறை இருக்கும் இடத்திற்கு நேர் மேலே, அதைச் செய்தவர் மூன்று இலக்கங்களைப் பொறித்து வைத்திருக்கிறார்: 262. சேம்பரின் கழுத்துப் பகுதி 0.262 அங்குல விட்டம் கொண்டது என்பதே அதன் பொருள். பழைய துப்பாக்கியாக வாங்கியபோது, விற்ற முதியவர் வேறு எதைச் சொல்ல மறந்தாலும் இதைச் சொல்ல மறக்கவில்லை. கழுத்தைக் கடையாத உறையை இதில் போட வேண்டாம் என்று இரண்டு முறை சொன்னார். கடந்த குளிர்காலத்தில், ஒஹையோவில் வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்த வாரங்களில், வீட்டின் நிலவறையில் உட்கார்ந்து 50 பித்தளை உறைகளை அந்த எண்ணுக்குப் பொருந்துமாறு கடைந்தேன், அதாவது கழுத்தின் வெளிப்புறத்தைச் சுற்றிலும் சீவி மெலிதாக்கினேன். எது சரியாக வந்தது, எது கெட்டது, ஏன் கெட்டது என்பதை மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன்.

முதலில் சொற்கள். தோட்டா என்பது உறை, தீப்பொறி கிளப்பும் பிரைமர், வெடிமருந்து (இனி வெறும் மருந்து), குண்டு ஆகிய நான்கும் சேர்ந்தது. உறையின் பகுதிகளுக்கு வாய், கழுத்து, தோள், உடல் என்று மனித உடம்பின் பெயர்களே வழங்குகின்றன. குண்டைப் பிடித்துக்கொண்டிருப்பது கழுத்து. கழுத்தையும் பருத்த உடலையும் இணைக்கும் சரிவு தோள். அளவுகளை நான் தௌ கணக்கில் எழுதுகிறேன். கோயம்புத்தூரில் அப்பாவின் கடைசல் பட்டறையில் வளர்ந்தவன் என்பதால் இந்தச் சொல்தான் எனக்கு வாயில் வருகிறது. ஒரு தௌ என்பது அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு, மில்லிமீட்டரில் 0.0254. எனவே என் சேம்பரின் கழுத்து 262 தௌ.

துப்பாக்கி 6 பி.பி.சி. வகையைச் சேர்ந்தது. தமிழில் எழுதிப் பார்த்தால் லண்டன் வானொலி நினைவுக்கு வருகிறது. ஆனால் இந்த எழுத்துகள் இதை உருவாக்கிய லூ பால்மிசானோ, ஃபெரிஸ் பிண்டெல் ஆகிய இருவரின் பெயர்களோடு ‘கார்ட்ரிட்ஜ்’ (தோட்டா) என்ற சொல்லும் சேர்ந்து வந்தவை. முன்னவர் மருத்துவர், பின்னவர் கருவி செய்பவர். 1975இல் இவர்கள் .220 ரஷ்யன் என்ற வேட்டைத் தோட்டாவின் உறையை எடுத்து, அதன் கழுத்தை 6 மில்லிமீட்டர் குண்டுக்கு விரித்து, உடலின் சரிவைக் குறைத்து, தோளை 30 டிகிரிக்கு மாற்றினார்கள். அந்த .220 ரஷ்யனுக்கும் மூலம் 7.62×39 என்ற படைத் தோட்டாதான். மேசையில் மணல் பைகள்மேல் துப்பாக்கியைக் கிடத்தி, ஐந்து குண்டுகளும் ஒரே ஓட்டையில் விழுகின்றனவா என்று பார்க்கும் பெஞ்ச்ரெஸ்ட் போட்டிகளில் இந்தத் தோட்டா அன்று பிடித்த இடத்தைப் பெரும்பாலும் இன்றும் விடவில்லை. பெரும்பாலானவர்கள் இன்னும் .220 ரஷ்யன் உறையை வாங்கித் தாங்களே உருமாற்றிக்கொள்கிறார்கள். நானும் ஃபின்லாந்தின் லாப்புவா நிறுவனத்து உறைகளையே வாங்கினேன்.

வேலைக்கு முன் ஒரு கணக்கு இருக்கிறது. அதைச் சரியாகப் போடாதவர் கருவியைக் கையில் எடுக்கவே கூடாது. குண்டின் விட்டம் 243 தௌ. அதைச் சுற்றிக் கழுத்தின் சுவர் இரு பக்கமும் வரும். தோட்டா வெடிக்கும்போது கழுத்து கொஞ்சம் விரிந்து குண்டை விட்டுவிட வேண்டும். விரிவதற்கு இடம் வேண்டுமென்றால், குண்டு பொருத்திய கழுத்து சேம்பரைவிடச் சிறியதாக இருக்க வேண்டும். நான் வைத்துக்கொண்ட இடைவெளி மொத்தத்தில் 2 தௌ. அப்படியானால் குண்டு பொருத்திய கழுத்து 260. அதிலிருந்து 243ஐக் கழித்தால் 17. அதில் பாதி எட்டரை. ஆக, ஒவ்வொரு கழுத்தின் சுவரும் எங்கே அளந்தாலும் எட்டரைத் தௌ பருமன் இருக்க வேண்டும். சாதாரணத் தலைமுடி ஒன்றின் பருமன் இரண்டு, மூன்று தௌ இருக்கும் என்பதை நினைத்துக்கொண்டால் இந்த அளவு கைக்குப் பிடிபடும்.

இங்கே ஒன்றைச் சற்று நின்று சொல்ல வேண்டும். கடையாத உறையைப் போடாதீர்கள் என்று விற்றவர் எச்சரித்தாரே, உண்மையில் கடையாத உறை இந்தச் சேம்பரில் நுழையவே நுழையாது. என்னிடம் வந்த உறைகளில், விரித்த பிறகு சுவர் 12 தௌவை ஒட்டி இருந்தது. வெற்றுக் கழுத்தின் வெளி விட்டமே 266 வந்துவிடும். அது 262க்குள் போகாது, சேம்பரை அடைக்கும் போல்ட்டின் கைப்பிடி மூடாது, ஆபத்தும் இல்லை. ஆபத்து இருப்பது அரைகுறையாகக் கடைந்ததில்தான். சுவர் 9.4 தௌவில் நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். குண்டோடு சேர்த்து 261.8 வரும். அது உள்ளே போகும், கைப்பிடியும் மூடும், கைக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. ஆனால் கழுத்து விரிய இடமில்லாமல் குண்டை இறுக்கிப் பிடித்துக்கொள்ள, குழலுக்குள் அழுத்தம் தாறுமாறாக ஏறும். முகத்திற்கு அரையடி தள்ளி நடக்கும் காரியம் இது. ஆகவே ஒவ்வொரு உறையையும், வாயருகில் ஓரிடம், தோளருகில் ஓரிடம் என்று இரண்டு இடங்களில் அளக்காமல் பெட்டியில் வைப்பதில்லை என்று முதல் நாளே முடிவு செய்துகொண்டேன். இந்த முடிவுதான் பின்னால் என்னைக் காப்பாற்றியது.

சட்டத்தைப் பற்றியும் ஒரு வரி. அமெரிக்காவில் சொந்தப் பயன்பாட்டுக்காகத் தோட்டாவைக் கையால் கட்டிக்கொள்வது பொதுவாக அனுமதிக்கப்பட்ட பொழுதுபோக்கு. இந்தியாவில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். ஊரில் இருந்து படிப்பவர்கள் இதைக் கடைசல் வேலையைப் பற்றிய குறிப்பாக மட்டும் படித்துக்கொள்ள வேண்டும். மருந்தின் வகையையோ எடையையோ பற்றி நான் எழுதப்போவதும் இல்லை. அவற்றை மருந்து தயாரிப்பவர்கள் அச்சிடும் கையேட்டிலிருந்து மட்டுமே எடுக்க வேண்டும்.

சேம்பருக்குப் பொருந்த வேண்டும் என்பது ஒரு காரணம். சுவர் ஒரே சீராக இருக்க வேண்டும் என்பது மற்றொன்று. பித்தளைத் தகட்டை அடித்து இழுத்துச் செய்யும் உறையில், சுவர் ஒரு பக்கம் தடித்தும் எதிர்ப்பக்கம் மெலிந்தும் அமைவது இயல்பு. நல்ல தயாரிப்பில் அந்த வேறுபாடு ஒரு தௌவுக்குள் இருக்கும். மட்டமானதில் இரண்டு மூன்று தௌ போகும். சுட்டு விரிந்த கழுத்தை மறுபடி சுருக்கும்போது, டை என்னும் அச்சில் இருக்கும் புஷ் என்னும் எஃகு வளையம் வெளிப்புறத்தை வட்டமாக்கிவிடும். ஆனால் சுவரின் ஏற்றத்தாழ்வு அழிவதில்லை, உட்புறத்திற்குத் தள்ளப்படுகிறது. அங்கே பொருத்தப்படும் குண்டு தடித்த பக்கத்திலிருந்து மெலிந்த பக்கத்திற்கு ஒதுங்கி, குழலின் மையத்திற்குச் சற்றே விலகி நிற்கும். அது மட்டுமல்லாமல், ஒவ்வொரு கழுத்தும் குண்டைப் பிடிக்கும் பிடி ஒவ்வொரு விதமாக இருக்கும்.

முதல் மாலை முழுவதும் கட்டர் பக்கமே போகவில்லை. நூறு உறைகள் கொண்ட பெட்டியிலிருந்து ஐம்பதை எண்ணி எடுத்து, அடிப்பக்கத்தில் எண் எழுதி, உருண்டை முனை மைக்ரோமீட்டரால் கழுத்துச் சுவரை நான்கு திசைகளிலும் அளந்து ஒரு நோட்டில் குறித்தேன். உட்பக்கம் வளைவாக இருப்பதால், தட்டை முனை கொண்ட சாதாரண மைக்ரோமீட்டரால் சுவரை அளக்க முடியாது. ஒரு முனையாவது உருண்டையாக இருக்க வேண்டும். தௌவில் பத்திலொரு பங்கு வரை படிக்கும் கருவி வேண்டும். அதை இறுக்கும் விரலின் அழுத்தமே பத்திலொரு பங்கை மாற்றிவிடும் என்பதால், அளவான அழுத்தத்தோடு நின்றுவிடும் ராட்செட் குமிழை மட்டும் திருகிப் பழக வேண்டும். ஒரே கழுத்தில் கிடைத்த அதிகபட்ச வேறுபாடு 0.7 தௌ, பெரும்பாலானவை அதற்கும் குறைவு. வாங்கிய விலைக்கு வஞ்சனை இல்லை.

அடுத்து விரித்தல். .220 ரஷ்யனின் கழுத்து 224 தௌ குண்டைப் பிடிப்பதற்காகச் செய்யப்பட்டது. அதை 243க்கு ஏற்ற வேண்டும். நீண்ட சரிவுள்ள முனையைக் கொண்ட விரிப்பு மாண்ட்ரலை, அதாவது எஃகுத் தண்டை, கைப்பிரஸ்ஸில் பூட்டி, கழுத்தின் உள்ளே மெழுகு தடவி, ஒரே சீரான வேகத்தில் இறக்கினால் போதும். இந்த விரிப்பு மாண்ட்ரல், பிறகு கடையும்போது கழுத்துக்குள் நிற்கும் மாண்ட்ரலைவிடச் சுமார் ஒரு தௌ பருமனாக இருக்க வேண்டும். பித்தளை விரிந்த பிறகு கொஞ்சம் பின்வாங்கும்; அப்படிப் பின்வாங்கிய நிலையில் கடைசல் மாண்ட்ரல்மேல் ஆட்டமில்லாமலும் இறுக்கமில்லாமலும் சுழல வேண்டும். ஆட்டம் இருந்தால் கட்டர் சுவரின் பருமனுக்குப் பதிலாகக் காற்றை அளந்து வெட்டும். இரண்டு மாண்ட்ரல்களையும் ஒரே தயாரிப்பாளரிடம் சோடியாக வாங்கிக்கொள்வது நல்லது. தனித்தனியாக வாங்கிவிட்டு அரைத் தௌவுக்காக எமரித் தாள் தேய்த்தவர்களை எனக்குத் தெரியும்.

விரித்ததில் எல்லா உறைகளும் நீளத்தில் கொஞ்சம் குறைந்தன, ஒரே அளவாகவும் குறையவில்லை. கடைசல் கருவியில் உறையின் வாய் போய் முட்டி நிற்கும் இடம்தான் வெட்டு எங்கே முடியும் என்பதைத் தீர்மானிக்கிறது. ஒரு உறை நீளமாகவும் மற்றொன்று குட்டையாகவும் இருந்தால் ஒன்றில் கட்டர் தோளுக்கு முன்பே நின்றுவிடும், மற்றொன்றில் தோளுக்குள் பாய்ந்துவிடும். அதனால் கடைவதற்கு முன்பே எல்லாவற்றையும் ஒரே நீளத்திற்கு வெட்டி, வாயின் உள்ளும் புறமும் பிசிர் எடுத்தேன். பிசிர் எடுப்பதில் பெருமை காட்டிக் கத்திமுனை போலச் சீவிவிடக் கூடாது. கூர்மை போனால் போதும்.

கடைசல் கருவி உள்ளங்கைக்குள் அடங்கும். அலுமினிய உடல், நடுவில் எஃகு மாண்ட்ரல், பக்கத்திலிருந்து அதை நோக்கி நீளும் ஒரு கட்டர், அவ்வளவுதான். கட்டரின் விளிம்புக்கும் மாண்ட்ரலின் மேற்பரப்புக்கும் இடையில் எவ்வளவு சந்து விடுகிறோமோ அதுவே சுவரின் பருமன். லேத் என்னும் கடைசல் இயந்திரத்தில் கடையப்படும் பொருள் சுழலும், டூல் நிற்கும். இங்கேயும் அதேதான், ஆனால் டூலைப் பிடித்திருப்பது இறுக்கமான படுகை அல்ல, என் இடது கை. வலது கையில் உறையைக் கவ்விய பேட்டரி ஸ்க்ரூடிரைவர் மெதுவாகச் சுழலும். இரண்டையும் முறுக்கிப் பிடிக்காமல் கொஞ்சம் தளர்வாகப் பிடித்தால் மாண்ட்ரல் தானே நேர் பார்த்துக்கொள்ளும். பட்டறையில் எல்லாவற்றையும் இறுக்கிக் கட்டியே பழகிய எனக்கு இந்தத் தளர்வு கைவர இரண்டு நாள் பிடித்தது.

கட்டரைச் சரிசெய்வதற்கு மூன்று உறைகளைப் பலிகொடுக்க முன்கூட்டியே ஒதுக்கினேன். முதலாவதில் 11, பிறகு 10, பிறகு 9 என்று இறங்கி எட்டரையைப் பிடித்தேன். இரண்டாவதில் உறுதி செய்தேன். மூன்றாவதை நேராக எட்டரைக்கு ஒரே வெட்டில் கொண்டுபோய்ப் பார்த்தேன், 8.8இல் நின்றது. ஆழமான வெட்டில் கட்டரும் கருவியும் கொஞ்சம் வளைந்து விலகுகின்றன என்பது லேத் ஓட்டிய எவருக்கும் தெரிந்த சங்கதி. ஆகவே மூன்று வெட்டுகள் என்று வகுத்துக்கொண்டேன்: 10, 9, கடைசியாக எட்டரை. ஒவ்வோர் உறைக்கும் கட்டரை மூன்று முறை நகர்த்துவதில்லை. எல்லா உறைகளையும் 10இல் முடித்துவிட்டு, பிறகு எல்லாவற்றையும் 9இல், பிறகு எல்லாவற்றையும் எட்டரையில். கடைசி அமைப்பை ஒருமுறை பூட்டிவிட்டால், ஐம்பதாவது உறை முடியும் வரை அதைத் தொடக் கூடாது.

அப்படி உறுதிசெய்த இரண்டாவது பலி உறையில் மருந்தோ பிரைமரோ இல்லாமல் ஒரு குண்டை மட்டும் பொருத்தி வெளிவிட்டத்தை அளந்தேன். வாயருகில் 260.1. மனம் குளிர்ந்தது. மைக்ரோமீட்டரை மெல்லத் தோளை நோக்கி நகர்த்தினேன், 260.1, 260.2, பிறகு சட்டென்று 261.1. மறுபடி அளந்தேன். மறுபடியும் 261.1. அங்கே சேம்பருடன் இருக்கும் இடைவெளி ஒரு தௌகூட இல்லை.

அந்த உறையிலிருந்து குண்டைப் பிடுங்கிவிட்டு, மெல்லிய பல் ரம்பத்தால் வாயிலிருந்து கீழ்நோக்கி நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, வெட்டிய முகத்தை 400ஆம் எண் தாளில் தேய்த்து வழவழப்பாக்கி, பத்து மடங்கு லென்ஸில் பார்த்தேன். கழுத்து நேர்கோடாக இறங்கி வந்து, தோள் தொடங்கும் இடத்திற்குச் சற்று மேலே, உள்பக்கம் நோக்கி ஒரு சிறு வரப்பாகப் புடைத்திருந்தது. சுற்றிலும் வளையமாக இருப்பதால் இதற்கு டோநட் என்று பெயர். எனக்கென்னவோ உளுந்து வடையின் நடு ஓட்டைதான் நினைவுக்கு வந்தது. காரணம் எளிது. உறையில் வாயிலிருந்து கீழே போகப் போகப் பித்தளை தடித்துக்கொண்டே போகும். கழுத்தை விரித்தபோது, முன்பு தோளாக இருந்த தடித்த பித்தளையின் மேல்விளிம்பு இப்போது கழுத்தின் அடியாகிவிட்டது. என் விரிப்பு மாண்ட்ரல் அதன் அடிவரை இறங்கவில்லை. கட்டரும் தோளைத் தொடும் முன்பே நின்றுவிட்டது. இரண்டு குறைகள் சேர்ந்து ஒரு வரப்பு.

மாண்ட்ரலைக் கீழே இறக்கி, எல்லா உறைகளையும் மறுபடி விரித்தேன். இப்படிச் செய்தால் உள்ளே இருக்கும் புடைப்பு வெளியே தள்ளப்பட்டு, கட்டர் சீவக்கூடிய இடத்திற்கு வந்துவிடும். கட்டரின் நிறுத்தத்தையும் மாற்றி, அது கழுத்தைத் தாண்டித் தோளின் மேல்பகுதியைச் சற்றே நக்கிவிட்டு நிற்குமாறு செய்தேன். எவ்வளவு என்பதுதான் சிக்கல். போதாவிட்டால் வரப்பு, அதிகமானால் கழுத்தும் தோளும் சேரும் இடம் மெலிந்து, சில முறை சுட்ட பிறகு கழுத்து தனியாகக் கழன்று சேம்பருக்குள் தங்கிவிடும். மூன்றாவது பலி உறையை வைத்துக்கொண்டு, தோளில் நகத்தின் வெள்ளைப் பிறை அகலத்திற்கும் குறைவாக ஒரு பளபளப்பான வளையம் தெரியும் வரை நகர்த்தினேன். கட்டரின் முனைச் சரிவு தோளின் சரிவுக்கு ஒத்திருந்தால் அந்த வளையம் மெல்ல மங்கி முடியும். ஒத்திராவிட்டால் படிக்கட்டுபோல வெட்டு விழும். படிக்கட்டு தெரிந்தால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். மீண்டும் வெற்றுக் குண்டைப் பொருத்தி அளந்தபோது, வாயிலிருந்து தோள்வரை 260.0க்கும் 260.2க்கும் இடையிலேயே இருந்தது.

பத்துக்கும் ஒன்பதுக்குமான வெட்டுகளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மஞ்சள் சுருள்கள் மேசை முழுக்க உதிர்ந்தன. காலுறையில் ஒட்டி மாடிவரை வந்ததற்காக வீட்டில் திட்டு வாங்கினேன்.

கடைசி வெட்டில்தான் விபத்து. முப்பது வரை தாளம் தப்பாமல் போயிற்று: கழுத்துக்குள் எண்ணெய் தொட்ட பஞ்சுக் குச்சியை ஒரு சுற்று, மாண்ட்ரலில் ஏற்று, இருபது விநாடி உள்ளே, இருபது விநாடி வெளியே, துடை, அள. அன்று அப்பா கைபேசியில் கூப்பிட்டார். அங்கே காலை, இங்கே இரவு. ஒலிபெருக்கியில் போட்டுவிட்டு வேலையைத் தொடர்ந்தேன்.

"ஏங்கண்ணு, அரைத் தௌ எடுக்கறதுக்கா ஒரு வாரம்?" என்று சிரித்தார்.

"ஆமாங்கப்பா, ஐம்பது இருக்குதுங்களே" என்று சொல்லிக்கொண்டே 31ஆம் எண்ணை ஏற்றினேன். அதற்கு எண்ணெய் தொட மறந்திருந்தேன். பாதி தூரத்தில் ஒரு கீச்சொலி, பிறகு ஸ்க்ரூடிரைவர் நின்றேவிட்டது. "என்னடா சத்தம், சீஸ் ஆயிருச்சா?" என்று அப்பா கேட்டார். உலோகம் உலோகத்தோடு இறுகிப் பிடித்துக்கொள்வதைத்தான் அப்படிச் சொல்வார். ஒன்பதாயிரம் மைலுக்கு அப்பாலிருந்து சத்தத்தைக் கேட்டே சொல்லிவிட்டார்.

உறையை இடுக்கியால் முறுக்கிக் கழற்றி, மாண்ட்ரலைத் துணியால் துடைத்துவிட்டு, அவசரத்தில் 32, 33, 34 மூன்றையும் முடித்தேன். அளந்தபோது மூன்றும் 8.2. முதலில் மைக்ரோமீட்டரைச் சந்தேகித்தேன். சுழியைச் சரிபார்த்தேன், அது சரியாகவே இருந்தது. கட்டர் நகர்ந்திருக்குமோ என்று பார்த்தால் பூட்டு அசையவில்லை. கடைசியில் மாண்ட்ரலை விளக்குக்கு நேரே சாய்த்துப் பிடித்தபோதுதான் தெரிந்தது: எஃகின்மேல் ஈர்க்குச்சி அகலத்திற்கு ஒரு மஞ்சள் பூச்சு. எண்ணெய் இல்லாமல் உராய்ந்த பித்தளை மாண்ட்ரலில் ஒட்டிப் படிந்துவிட்டது. அந்தப் படிவின்மேல் ஏறிய கழுத்து, கட்டரை நோக்கி அந்தப் பருமன் அளவுக்கு உயர்ந்து, அதே அளவுக்கு அதிகமாகச் சீவப்பட்டிருக்கிறது. துணியால் துடைத்தால் போகாது. மிக மெல்லிய பாலிஷ் தாளில் எண்ணெய் விட்டு, மாண்ட்ரலின் எஃகைக் குறைக்காமல், பித்தளை நிறம் மறையும்வரை மட்டும் தேய்த்தேன். 35ஆம் எண் மறுபடி எட்டரைக்கு வந்தது. ஐந்துக்கு ஒன்றை மட்டும் அளந்துகொண்டு போயிருந்தால், மெலிந்த அந்த மூன்றும் மற்றவற்றோடு கலந்து போயிருக்கும்.

வெட்டு நகர்வதற்கு வெப்பம் காரணம் என்று பலர் சொல்வார்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். கணக்குப் போட்டுப் பார்த்தேன். மாண்ட்ரலின் ஆரம் சுமார் 121 தௌ. எஃகு 25 டிகிரி செல்சியஸ் சூடேறினால் அந்த ஆரம் விரிவது தௌவில் இருபத்தைந்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் கருவியின் உடல் அலுமினியம். எஃகைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும், கட்டரைத் தாங்கியிருப்பதும் அதுதான். ஆகவே கையில் வெதுவெதுப்பு தெரிந்தவுடன் கருவியைக் கீழே வைத்துவிடுவதை வழக்கமாக்கிக்கொண்டேன். ஐந்து உறைக்கு ஒரு தேநீர் இடைவேளை என்பது மிகையாகத் தோன்றலாம். ஐம்பதும் ஒன்றுபோல வர வேண்டும் என்றால் மிகையில்லை.

முடிந்ததும் மிக மெல்லிய எஃகுப் பஞ்சால் கழுத்தை ஒரு சுற்றுச் சுற்றி வெட்டுத் தடங்களை மங்க வைத்தேன். ஒரே கழுத்துக்குள் இருந்த வேறுபாடு பெரும்பாலானவற்றில் 0.1 தௌவுக்குள் வந்துவிட்டது. எண்ணெயைப் போக்க ஆல்கஹாலில் அலசினேன். அமோனியா கலந்த எதையும் பித்தளையில் காட்டுவதில்லை. இதற்குப் பின்னால் நம் நாட்டுத் தொடர்புள்ள ஒரு பழங்கதை இருக்கிறது. இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் படையினர் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்திருந்த தோட்டாக்கள், அடுத்து எடுத்துப் பார்க்கும்போது விரிசல் விட்டிருந்தன. லாயத்தில் குதிரை மூத்திரத்திலிருந்து எழும் அமோனியாவும், இழுத்துச் செய்த பித்தளைக்குள் தங்கியிருக்கும் இறுக்கமும், ஈரக்காற்றும் சேர்ந்தே அந்த விரிசலை உண்டாக்குகின்றன என்று 1921இல்தான் விளக்கம் கிடைத்தது. அதற்குப் பருவ விரிசல் என்று பெயர். கழுத்தைச் சூடுகாட்டிப் பதமிழக்கச் செய்வது அந்த இறுக்கத்தைத் தளர்த்தும். புதிய உறைகளின் கழுத்தில் தெரியும் நீலப்பழுப்பு நிறம் தொழிற்சாலையில் செய்த அந்தச் சூட்டின் அடையாளம்தான். அதனால் இம்முறை நான் சூடுகாட்டவில்லை. குழலைச் சுத்தம் செய்யும் சில திரவங்களில் அமோனியா உண்டு. அந்தப் புட்டியை உறைகள் இருக்கும் மேசையில் வைப்பதே இல்லை.

கணக்கு முடித்தேன். பலி மூன்று. 31ஆம் எண் இடுக்கியால் நசுக்கிக் குப்பைக்குப் போனது. நசுக்காமல் போட்டால் என்றாவது ஒருநாள் நானே அதை எடுத்துப் பயன்படுத்திவிடுவேன். 8.2க்கு வந்த மூன்றும் வீணில்லை. இடைவெளி கொஞ்சம் அதிகம், அவ்வளவே. அவற்றில் சிவப்பு மையால் கோடு போட்டு, போட்டிக்கு முன் காற்றின் போக்கைப் பார்க்கச் சுடுவதற்கென்று வைத்துக்கொண்டேன். போட்டிக்கு என்று நின்றவை 43.

இதைப் படித்துவிட்டுக் கடையில் வாங்கிய வேட்டைத் துப்பாக்கிக்கும் கழுத்துக் கடையப் புறப்படுபவர்களுக்கு ஒரு சொல். என்னிடம் .308 வின்செஸ்டர் ஒன்றும் இருக்கிறது. 1952இல் சந்தைக்கு வந்த பழைய பெருந்தோட்டா. அதன் சேம்பர் எந்த நிறுவனத்தின் தோட்டாவையும் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதற்காகத் தாராளமாகவே வெட்டப்பட்டிருக்கிறது. அதற்கு ஒருமுறை இருபது உறைகளைக் கடைந்து பார்த்தேன். நான் நம்பக்கூடிய வித்தியாசம் எதுவும் இலக்கில் தெரியவில்லை. ஏற்கெனவே தளர்ந்த சேம்பரில் கழுத்தை மேலும் மெலியச் செய்தால், அது ஒவ்வொரு முறையும் அதிகமாக விரிந்து, அதிகமாகச் சுருக்கப்பட்டு, சீக்கிரம் விரிசல் விடும் என்பதுதான் மிச்சம். அத்தகைய துப்பாக்கிக்குச் சுவரின் மேடுகளை மட்டும் லேசாகச் சீவிவிடலாம். அதுவும் அளந்து பார்த்து மேடு இருந்தால் மட்டும். இறுக்கமான சேம்பருக்குக் கடைவது கட்டாயம், மற்றதற்கு அது ஆசை.

வசந்தத்தில் 43 உறைகளையும் சுட்டு உருமாற்றினேன், அதாவது சுடும்போது உறை விரிந்து சேம்பரின் வடிவத்தை எடுத்துக்கொண்டது. சுட்ட பிறகு கழுத்தின் வெளிவிட்டம் 261.5 காட்டியது, சேம்பரை முட்டிவிட்டு அரைத் தௌ பின்வாங்கியிருக்கிறது. இடைவெளி போதுமா என்பதற்கு மைக்ரோமீட்டர் இல்லாமலே ஒரு சோதனை உண்டு. சுட்ட உறையைச் சுருக்காமல் நிமிர்த்தி வைத்து, வாயில் ஒரு புதிய குண்டை வைத்து விட்டுவிட வேண்டும். கழுத்து உண்மையிலேயே விரிந்து குண்டை விட்டிருந்தால், அது தன் எடையிலேயே வழுக்கி உள்ளே இறங்கும். 43இலும் இறங்கியது. நான்காவது முறை சுட்ட பிறகு மீண்டும் எல்லாவற்றையும் சோதித்தேன். 19ஆம் எண்ணில் குண்டு முக்கால்வாசி இறங்கி, தோளருகில் நின்றுவிட்டது. விரலால் தட்டினால் இறங்குகிறது, தானாக இறங்கவில்லை. சுடச்சுடப் பித்தளை தோளிலிருந்து மேல்நோக்கி நகர்ந்து அந்த வரப்பு அங்கே மறுபடி தலைகாட்டுகிறது. அந்த உறையைத் தனியே எடுத்து மேசை ஓரத்தில் வைத்திருக்கிறேன். மற்ற நாற்பத்திரண்டையும் தோளருகில் ஒருமுறை அளந்துவிட்டு, இந்த வாரக் கடைசியில் கட்டரைத் திரும்பப் பூட்ட வேண்டும்.